மலிவு விலை கிளாஸ் டி ஆம்ப் போர்டை மேம்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த போர்டைப் பற்றிய பதில்கள் இவை?

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116டி2 ஐசி உள்ள இரண்டு சேனல் போர்டுகள். ஆன்லைனிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பச்சை, நீலம், கருப்பு என்று பல நிறங்களில், பல பெயர்களில் விற்பது பெரும்பாலும் இந்த ஒரே ஐசிதான். அதன் தம்பி டிபிஏ3118டி2-க்கும் கீழே சொல்வதில் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும், ஹீட் சிங்க் விஷயம் மட்டும் வேறு. 5 வோல்ட்டில் ஓடும் பிஏஎம்8403 மாதிரி குட்டி போர்டுகளில் அவுட்புட் ஃபில்டரே கிடையாது, மாற்றுவதற்கும் பெரிதாக எதுவும் இல்லை, அதனால் அவற்றை விட்டுவிட்டேன்.

ஐசி தரமானது. போர்டு செய்தவர்கள் காசு மிச்சம் பிடித்தது அதைச் சுற்றியுள்ள பாகங்களில்தான், அதனால்தான் மாற்றிப் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் எதை மாற்றுவது என்பதைச் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்னால் பேப்பரில் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். நிறையப் பேர் நூறு ரூபாய் போர்டில் ஆயிரம் ரூபாய் கெப்பாசிட்டரை மாட்டிவிட்டு, இரைச்சலுக்குக் காரணமான பத்துப் பைசா ரெசிஸ்டரைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

போர்டில் 120+120 வாட் என்று போட்டிருக்கிறதே, வருமா?

வராது. இந்த ஐசி பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் தானே ஓட்டும் முறையில் ஓடுவது, அதனால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச வோல்டேஜ் அதிகபட்சம் சப்ளை வோல்டேஜ் அளவுதான். சப்ளை 24 வோல்ட் என்றால் 24-ஐ 24-ஆல் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுங்கள். 8 ஓம் என்றால் 36 வாட், 4 ஓம் என்றால் 72 வாட். இதுவும் ஐசிக்குள்ளும் காயிலிலும் துளி கூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, நிஜத்தில் இதைவிடக் குறையும். ஐசி தயாரித்தவர்களே 21 வோல்ட்டில், 4 ஓமுக்கு, சேனலுக்கு 50 வாட் என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனில், அதாவது சத்தம் காதுக்கே பிசிறாகத் தெரியும் நிலையில்.

இன்னொரு பக்கம் சப்ளை இருக்கிறது. 24 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை கொடுப்பதே மொத்தம் 120 வாட். அதிலிருந்து 240 வாட் எப்படி வரும்?

இதற்காக மனம் தளர வேண்டாம். ஒரு சாதாரண ஹாலில், சுமாரான புக்ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு, சுத்தமான 20 வாட் போதும். நல்ல சத்தம் என்று நாம் தேடுவது அந்த 20 வாட்டுக்குள்தான் இருக்கிறது.

சரி, முதலில் எதை மாற்ற வேண்டும்?

போர்டைத் தொடாதீர்கள், சப்ளையைப் பாருங்கள். பேஸ் அடிக்கும்போது சத்தம் நொறுங்குகிறது, வால்யூம் பாதி வைத்தாலே கட் ஆகிறது என்று வரும் புகார்களில் பாதிக்குமேல் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரில் ஓட்டுகிறவர்களுடையது. 12 வோல்ட்டில் மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 8 ஓமுக்கு வெறும் 9 வாட்தான்.

வீட்டில் பழைய லேப்டாப் அடாப்டர், 19 வோல்ட் 4.74 ஆம்பியர், சும்மா கிடந்தால் அதை எடுத்துப் போடுங்கள். 8 ஓமுக்கு 22 வாட் சொச்சம் வரும். 24 வோல்ட்டுக்குப் போனால் 36 வாட், ஆனால் காதுக்கு வித்தியாசம் 2 டெசிபல்தான், அதாவது வால்யூம் நாபை ஒரு சின்னத் திருப்பு திருப்புவது அளவு. 19-இல் ஐசியும் கெப்பாசிட்டர்களும் சூடில்லாமல் நிம்மதியாக ஓடும். புதிதாக வாங்குவதானால் மட்டும் 24 வோல்ட் 5 ஆம்பியர் நல்ல எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) வாங்குங்கள்.

என்னிடம் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, போடலாமா?

போடலாம், ஆனால் எப்படி என்பதில்தான் போர்டின் உயிர் இருக்கிறது. பழைய 2030 ஐசி, எஸ்டிகே ஐசி செட் எல்லாம் கழற்றி வைத்தவர்கள் வீட்டில் இந்த டிரான்ஸ்ஃபார்மர் கண்டிப்பாக இருக்கும். சென்டரை விட்டுவிட்டு இரண்டு முனையையும் ஏசியை டிசி ஆக்கும் நான்கு டயோடு பிரிட்ஜில் கொடுத்தால் 24 வோல்ட் ஏசி, அதை 1.414-ஆல் பெருக்கினால் 34, டயோடில் 1.4 போனாலும் 32 வோல்ட் டிசிக்கு மேல் நிற்கும். இந்த ஐசிக்கு இயங்கும் வரம்பு 26 வோல்ட், தாங்கும் எல்லை 30. ஆன் செய்த நொடியே முடிந்தது.

ஒரு 12-ஐயும் சென்டரையும் மட்டும் எடுத்துப் பிரிட்ஜ் போட்டால் 15 வோல்ட் சொச்சம் வரும், பாதுகாப்பானது. புதிதாகச் சுற்றித் தரச் சொல்வதானால் 15 வோல்ட் ஏசி கேளுங்கள், 20 வோல்ட் டிசி பக்கம் வரும். 18 வோல்ட் ஏசியும் கணக்குப்படி 24-தான் தரும், ஆனால் ராத்திரி நேரத்தில் லைன் 250-க்கு ஏறினால் அதே டிரான்ஸ்ஃபார்மர் 26-ஐத் தாண்டும், லோடு இல்லாதபோது இன்னும் ஏறும். நம் ஊர் லைனை நம்பி 18 போடச் சொல்ல மாட்டேன்.

பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கரில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். எந்தக் கெப்பாசிட்டரை மாற்றினால் போகும்?

எந்தக் கெப்பாசிட்டரை மாற்றினாலும் போகாது. அது கெயின் அதிகமாக இருப்பதால் வருவது. இந்த மொத்தப் பக்கத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஐசியில் நான்கு கெயின் உண்டு: 20, 26, 32, 36 டெசிபல். 20 என்றால் உள்ளே வருவதைப் பத்து மடங்காக்கும், 26 இருபது மடங்கு, 32 நாற்பது, 36 அறுபத்து மூன்று மடங்கு. போன், புளூடூத், டிவி எதைச் செருகினாலும் ‘சத்தமாக’ இருக்க வேண்டும் என்று பல போர்டுகளை 32-இலோ 36-இலோ வைத்து அனுப்புகிறார்கள். 24 வோல்ட் சப்ளையில் ஐசி தரக்கூடியது சுமார் 17 வோல்ட் ஆர்எம்எஸ். 36 டெசிபலில் அந்த 17-ஐ எட்ட உள்ளே 0.27 வோல்ட் போதும். ஒரு டேக்கின் (டிஜிட்டல் பாட்டை அனலாக் ஆக்கும் கருவியின்) அவுட்புட் 2 வோல்ட். அதாவது வால்யூம் நாபைக் கால் சுற்று திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், மீதிச் சுற்று முழுக்க டிஸ்டார்ஷன், கூடவே இரைச்சலும் அறுபத்து மூன்று மடங்கு.

இப்போது எந்தக் கெயினில் இருக்கிறது என்று மல்டிமீட்டரிலேயே பார்த்துவிடலாம். ஐசியின் 7-வது காலில் சுமார் 7 வோல்ட் இருக்கும். 8-வது கால்தான் கெயின் கால். அதில் கிரவுண்டுக்கு எதிராக அளந்தால் பூஜ்யம் என்றால் 20 டெசிபல், 1.2 வோல்ட் பக்கம் என்றால் 26, 1.9 என்றால் 32, 2.7 என்றால் 36. முனையை ஒரே காலில் வைக்கக் கவனம் வேண்டும், பக்கத்துக் காலோடு ஷார்ட் ஆகக் கூடாது. 8-வது காலிலிருந்து போகும் டிராக்கைப் பிடித்துப் போய் அந்த ரெசிஸ்டரின் முனையில் அளப்பது இன்னும் நல்லது.

மாற்றுவது இப்படி: 8-வது காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர், 7-வது காலுக்கு ஒன்று. 20 டெசிபலுக்குக் கிரவுண்டுக்கு 5.6 கிலோஓம் போட்டு, 7-க்குப் போவதைக் கழற்றிவிடுங்கள். 26-க்குக் கிரவுண்டுக்கு 20 கே, 7-க்கு 100 கே. டேக் வைத்திருப்பவர்கள் 20, போனிலிருந்து நேராகக் கொடுப்பவர்கள் 26. ஐசி இந்த அமைப்பை ஆன் ஆகும்போது மட்டும்தான் படிக்கும், அதனால் ஆஃப் செய்து, கெப்பாசிட்டர் இறங்கும்வரை பொறுத்து, பிறகு ஆன் செய்தால்தான் மாற்றம் தெரியும்.

இன்புட் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் பேஸ் கூடுமா?

கெயினை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதனால்தான் முந்தைய கேள்வியை முதலில் வைத்தேன். கெயின் கூடக் கூட ஐசியின் இன்புட் இம்பீடன்ஸ் இறங்கும்: 20 டெசிபலில் 60 கே, 26-இல் 30 கே, 32-இல் 15 கே, 36-இல் வெறும் 9 கே. 36-இல் 0.22 மைக்ரோஃபாரட் போட்ட போர்டு 80 ஹெர்ட்ஸிலேயே பேஸை வெட்டத் தொடங்கிவிடும், தவில் ஓசை தகர டப்பா ஓசையாகிவிடும். அதே 0.22-ஐ வைத்துக்கொண்டு கெயினை மட்டும் 20-க்கு இறக்கினால் வெட்டும் இடம் 12 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. கெப்பாசிட்டரைத் தொடவே வேண்டாம்!

அப்படியும் மாற்றுவதானால் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் போடுங்கள், மேலே 105 என்று போட்டிருக்கும். கடையில் ‘ஒரு எம்எஃப்டி பாக்ஸ் டைப்’ என்றால் எடுத்துத் தருவார்கள். ஒரு விஷயம்: ஒவ்வொரு சேனலுக்கும் பிளஸ் இன்புட், மைனஸ் இன்புட் என்று இரண்டு உண்டு. மைனஸ் இன்புட் பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர் வழியாகக் கிரவுண்டுக்குப் போயிருக்கும். பிளஸ்ஸை மட்டும் மாற்றினால் இரண்டும் சார்ஜ் ஆகும் நேரம் வேறுபட்டு, ஆன் செய்யும்போது ‘டப்’ என்று அடிக்கும். நான்கையும் ஒரே மதிப்பில் மாற்றுங்கள்.

அவுட்புட்டில் இருக்கும் காயிலை மாற்றச் சொல்கிறார்களே, உண்மையில் வித்தியாசம் தெரியுமா?

தெரியும், இருப்பது மட்டமான காயிலாக இருந்தால். கிளாஸ் டி ஆம்ப் உள்ளே இசையை விநாடிக்கு லட்சக்கணக்கான முறை ஆன் ஆஃப் ஆகும் துடிப்பாக மாற்றுகிறது, இந்த ஐசியில் அது 400 கிலோஹெர்ட்ஸ் முதல் 1.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்தத் துடிப்பிலிருந்து மறுபடி இசையைப் பிரித்தெடுப்பது காயிலும் அதை அடுத்த கெப்பாசிட்டரும்தான். ஐசியின் ஃபீட்பேக் காயிலுக்கு முன்னாலேயே எடுக்கப்படுவதால், காயில் செய்யும் தப்பை ஐசியால் திருத்த முடியாது. காயில் கெடுத்தால் கெடுத்ததுதான்.

கெடுப்பது எப்போது என்றால், தாங்கும் கரண்டைத் தாண்டும்போது. 24 வோல்ட், 4 ஓம் என்றால் உச்சத்தில் 6 ஆம்பியர் ஓடும். ஐசி தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்துவது 7.5 ஆம்பியர் பக்கம். அதனால் காயில் 7, 8 ஆம்பியர்வரை சாச்சுரேட் ஆகாததாக இருக்க வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவில் கருப்பாக உட்கார்ந்திருக்கும் காயில்களில் பல இதை எட்டாது. சாச்சுரேட் ஆனால் காயில் அந்தக் கணத்தில் வெறும் கம்பியாகிவிடும், கரண்ட் ஒரேயடியாக ஏறும், ஐசி நிறுத்திவிடும். பேஸ் அடி விழும்போது சத்தம் விட்டு விட்டு வந்து, அந்த நேரத்தில் சப்ளை வோல்டேஜ் அசையாமல் நின்றால் காயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். சப்ளையும் கூடவே இறங்கினால் சப்ளைதான் குற்றவாளி.

மதிப்பு: 4 ஓம், 6 ஓம் ஸ்பீக்கருக்கு 10 மைக்ரோஹென்றி, கூட 0.68 மைக்ரோஃபாரட். இதே ஜோடியை 8 ஓமில் ஓட்டினால் 20 கிலோஹெர்ட்ஸில் அரை டெசிபல் தூக்கும், 4 ஓமில் முக்கால் டெசிபல் இறங்கும். ஒரே போர்டு ஒருவருக்குப் பளிச்சென்றும் இன்னொருவருக்கு மந்தமாகவும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். 8 ஓம் ஸ்பீக்கர் மட்டும்தான் என்று முடிவாக இருந்தால் 22 மைக்ரோஹென்றி போடுங்கள், உயர் அதிர்வெண்களிலும் நேர்க்கோடாக வரும்.

பாட்டே இல்லாமல் பத்து நிமிஷம் ஆன் செய்து வைத்துக் காயிலைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே இருக்கும் கோர் இந்தத் துடிப்பு வேகத்துக்கானது அல்ல.

அந்த 0.68 கெப்பாசிட்டர் எந்த வகை?

ஃபிலிம். 684 என்று போட்ட 63 வோல்ட் அல்லது 100 வோல்ட் பாலியெஸ்டர் போதும், பாலிப்ரொப்பிலீன் கிடைத்தால் இன்னும் நல்லது. போர்டில் வருவது பெரும்பாலும் குட்டி செராமிக். அவுட்புட்டின் ஒவ்வொரு முனையிலும் எப்போதும் 12 வோல்ட் டிசி நிற்கும், மட்டமான செராமிக் அந்த டிசியிலேயே தன் மதிப்பில் பெரும் பகுதியை இழந்துவிடும். மேலே எழுதியிருப்பது 0.68, வேலை செய்வது அதில் பாதியாகக் கூட இருக்கலாம்.

சப்ளை லைனில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரை 10,000 மைக்ரோஃபாரட் ஆக்கலாமா?

வேண்டாம். பல எஸ்எம்பிஎஸ்கள் அவ்வளவு பெரிய கெப்பாசிட்டரைக் கண்டால் ஷார்ட் என்று நினைத்து ஸ்டார்ட் ஆகாமல் விக்கிக்கொண்டே இருக்கும். 2200 போதும். 24 வோல்ட் சப்ளையில் 25 வோல்ட் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருந்தால் அதை 35 வோல்ட், லோ ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த வகை) ஆக மாற்றுங்கள், இது சத்தத்துக்காக இல்லை, அது உப்பிப் போகாமல் இருக்க. சத்தத்துக்கு முக்கியமானது ஐசியின் சப்ளைக் காலுக்கு ஒட்டியபடி இருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக். அது இல்லாத போர்டாக இருந்தால் காலுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக ஒன்று போடுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர் மைனஸையும் ஒன்றாகக் கட்டலாமா?

கூடவே கூடாது. பழைய செட்டுகளில் மைனஸ் எல்லாம் பாடியில் ஒன்றாக இருக்கும், அந்தப் பழக்கத்தில் இங்கே கட்டினால் ஆபத்து. இதில் மைனஸ் என்று எழுதியிருப்பதும் ஒரு தனி ஆம்ப்பின் அவுட்புட்தான். கிரவுண்டில் கட்டாதீர்கள், ஒன்றோடொன்று கட்டாதீர்கள், ஹெட்போன் சாக்கெட் எடுக்காதீர்கள், ஸ்கோப்பின் (ஆசிலோஸ்கோப்பின்) கிரவுண்டு கிளிப்பையும் அங்கே மாட்டாதீர்கள்.

புளூடூத் மாட்யூல் சேர்த்ததும் ‘கீ...’ என்று கத்துகிறது.

போர்டும் புளூடூத்தும் ஒரே சப்ளையில் ஓடுகின்றன, ஆடியோ கிரவுண்டு வேறு தனியாக இரண்டையும் இணைக்கிறது. கிரவுண்டு இப்படி வட்டமாகச் சுற்றுவதால் மாட்யூலின் டிஜிட்டல் இரைச்சல் நேராக இன்புட்டுக்குள் வருகிறது. மாட்யூலுக்குத் தனியாக ஒரு பழைய போன் சார்ஜரைக் கொடுத்துப் பாருங்கள், சத்தம் நின்றால் காரணம் இதுதான். நிரந்தரத் தீர்வு பி0505எஸ் என்ற குட்டி ஐசொலேட்டட் கன்வெர்ட்டர். 24-ஐ 5 ஆக்கும் மாட்யூலுக்கும் புளூடூத்துக்கும் நடுவில் அதை வையுங்கள். 5 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, ஆனால் இரண்டு கிரவுண்டுக்கும் தொடர்பு இருக்காது.

ஹீட் சிங்க் பெரிதாக்க வேண்டுமா?

3116-இல் உலோகத் தகடு ஐசியின் தலையில் இருக்கிறது, அதனால் மேலே வைக்கும் ஹீட் சிங்க்தான் எல்லாம். கழற்றிப் பார்த்தால் பலதில் தடித்த இரட்டைப் பக்க டேப் ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டிவிட்டு மெல்லிசாகத் தெர்மல் பேஸ்ட் தடவி ஸ்க்ரூவில் இறுக்கினாலே போதும். 3118-இல் தகடு அடியில், போர்டோடு சால்டர் ஆகியிருக்கும். தலையில் என்ன ஒட்டினாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, போர்டின் அடிப்பக்கத்தைக் குளிர வைக்க வேண்டும்.

ஆப்ஆம்ப் (ஐசிக்கு முன்னால் சிக்னலைக் கையாளும் குட்டி ஆம்ப் சிப்) மாற்றலாமா?

உங்கள் போர்டில் டோன் கண்ட்ரோலுக்கு சாக்கெட்டில் என்இ5532 இருந்தால் மாற்றிப் பார்க்கலாம், ஆனால் அதுவே நல்ல ஐசிதான். அதைவிட வேகமானதை, அதற்காக வடிவமைக்காத போர்டில் செருகினால் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆசிலேட் ஆகிச் சூடாகும், அந்தக் கடுமையைத்தான் சிலர் ‘டீடெயில்’ என்று பாராட்டுகிறார்கள். விலை உயர்ந்த ஆப்ஆம்ப் நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால், மேலே அச்சை அழித்து வேறு பெயர் அடித்ததாக இருக்கும்.

வால்யூம் பாட் (நாபுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்)?

குறைந்த வால்யூமில் பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பொட்டென்ஷியோமீட்டரின் இரண்டு பகுதியும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பி50கே என்று இருப்பது லீனியர், ஏ எழுத்து உள்ள லாக் வகையில் நல்ல கம்பெனியாகப் பார்த்து 10 கே அல்லது 20 கே வாங்குங்கள். கை வைத்தால் ஹம்மிங் வந்தால் பொட்டென்ஷியோமீட்டரின் உலோக உடம்பைக் கிரவுண்டில் கட்டுங்கள்.

எதைத் தொடவே கூடாது?

ஐசியிலிருந்து அவுட்புட்டுக்குப் போகும் இடத்தில் சின்னதாக 0.22 மைக்ரோஃபாரட் நான்கு இருக்கும், அவை பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர்கள். ‘நல்ல’ ஃபிலிம் போடுகிறேன் என்று நீளக் காலோடு அங்கே எதையும் தொங்கவிடாதீர்கள். அவுட்புட்டில் உள்ள சிறிய ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஜோடியையும் ஸ்கோப் இல்லாமல் மாற்ற வேண்டாம்.

வேலை முடிந்தது, ஆன் செய்யப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் லாரி இண்டிகேட்டருக்கான 24 வோல்ட் 21 வாட் பல்பு கிடைக்கும். அதை 24 வோல்ட் சப்ளையின் பிளஸ் லைனில் சீரிஸாகப் போடுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல், இன்புட் எதுவும் கொடுக்காமல் ஆன் செய்யுங்கள். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்லது. அணையாமல் எரிந்தால் எங்கேயோ ஷார்ட், ஆனால் பல்பு கரண்டை 1 ஆம்பியருக்குள் பிடித்து வைத்திருப்பதால் ஐசி தப்பிக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பல்பு அணைந்த பிறகு மல்டிமீட்டரை எடுங்கள். ஸ்பீக்கர் முனை ஒவ்வொன்றையும் கிரவுண்டுக்கு எதிராக அளந்தால் சப்ளையில் பாதி, 12 வோல்ட் பக்கம் வர வேண்டும். நான்கிலும் வர வேண்டும். பிறகு ஒரே ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் அளங்கள், சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், அதன் வாய்ஸ் காயில் எரிந்துவிடும். எல்லாம் சரியாக வந்த பிறகு பல்பைக் கழற்றி, முதலில் ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டிக் கேளுங்கள்.

ஆம்ப் ஆன் செய்தால் பக்கத்து ரேடியோ இரைகிறது, எப்படிச் சரி செய்வது?

400 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் போர்டு 800, 1200 என்று அதன் மடங்குகளையும் காற்றில் விடும். வானொலியின் சென்னை ‘ஏ’ நிலையம் 720 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது, 800-க்கு ரொம்பத் தூரமில்லை. ஸ்பீக்கர் வயர்தான் ஆன்டெனாவாக வேலை செய்கிறது, அதைக் குறைந்த நீளமாக்கி இரண்டு இழையையும் முறுக்கிவிடுங்கள், போர்டை உலோகப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைச் சப்ளை கிரவுண்டில் ஒரே இடத்தில் இணையுங்கள். அப்படியும் கேட்டால் ஐசியின் 13, 14, 15-வது கால்கள் துடிப்பு வேகத்தை மாற்றுவதற்கே இருக்கின்றன. அவற்றின் இணைப்பை மாற்றி 500-க்கோ 600-க்கோ நகர்த்தலாம், ஆனால் அந்தக் கால்களின் இடைவெளி மிகக் குறுகியது, மெல்லிய முனையும் ஃப்ளக்ஸும் லென்ஸும் இல்லாமல் இறங்க வேண்டாம்.